முறிந்த காதலின் கதையைச் சொல்லும் உரிமை யாருக்கு?

திருமணம் நிகழ்ந்த இல்லத்திற்குச் சென்றால், விருந்தினரின் மடியில் முதலில் வைக்கப்படுவது மணவிழா ஆல்பம். மாலையும் கழுத்துமாய் நிற்கும் மணமக்கள், ஆசி கூறும் பெரியோர், பந்தியில் அமர்ந்த உற்றார் உறவினர் என ஒவ்வொரு முகமும் அதில் பத்திரமாக இருக்கும். ஆனால் மணமேடை வரை வந்து சேராமல் இடைவழியில் முறிந்துபோன அன்புக்கு ஆல்பம் ஏது? அது பெட்டியின் அடியில் கிடக்கும் ஒரு கடிதமாக, எவருக்கும் காட்டப்படாத ஒரு புகைப்படமாக, சில வேளைகளில் வெறும் பெருமூச்சாக எஞ்சி, அதற்குரியவரோடு மறைந்துவிடுகிறது.

அவ்வாறு மறைய வேண்டியதை மறையவிடாமல், தம் காதல் தோல்விகளை வரிசையாகப் படம் பிடித்துத் திரையரங்கில் ஊரார் காணக் காட்டினார் ஒருவர். ராஸ் மெக்கெல்வி என்பது அவர் பெயர். அமெரிக்க நாட்டு ஆவணப்பட இயக்குநர். அவர் செய்தது துணிவா, நாணமின்மையா? உண்மையை நாடும் நேர்மையா, பிறர் வாழ்வைப் பொருட்படுத்தாத தன்னலமா? இவ்வினாக்கள் அமெரிக்காவுக்கு மட்டும் உரியவை அல்ல. சட்டைப்பைக்குள் காமிராவைச் சுமந்து திரியும் நம் பிள்ளைகளின் காலத்தில், பொதிகை அடிவாரத்து விக்கிரமசிங்கபுரத்திற்கும் இவை உரியவையே. ஆகவே அவர் கதையைச் சற்று விரிவாகக் காண்போம்.

படைத்தலைவரின் தடமும் பறிபோன காதலும்

மெக்கெல்வி 1947ஆம் ஆண்டு, வட கரோலைனா மாநிலத்தின் சார்லட் நகரில் ஒரு மருத்துவரின் மகனாகப் பிறந்தவர். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், ஆவணப்பட உலகின் மூத்தவர்களுள் ஒருவரான ரிச்சர்ட் லீக்காக்கிடம் பயின்றவர். அங்கே அவர் கற்ற முறை எளியது. பெரிய படக்குழு வேண்டாம். விளக்குகளின் வரிசை வேண்டாம். எழுதி வைத்த வசனம் வேண்டாம். தோளில் ஒரு காமிரா, உடலோடு ஓர் ஒலிப்பதிவுக் கருவி, இவை போதும். ஒருவரே படமும் பிடித்து, ஒலியும் பதிந்து, எதிரே நிற்பவரோடு உரையாடவும் செய்யலாம்.

1980களின் தொடக்கத்தில் அவருக்கு ஒரு வரலாற்றுப் படம் எடுக்க நிதியுதவி கிடைத்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1864ஆம் ஆண்டின் இறுதியில், வடபடைத் தலைவர் வில்லியம் ஷெர்மன் அட்லாண்டாவிலிருந்து சவானா கடற்கரை வரை தென்மாநிலத்து மண்ணை அழித்துக்கொண்டே படை நடத்திச் சென்றார். அந்தத் தடத்தில் பயணம் செய்து, அழிவின் நினைவு மக்களிடம் இன்னும் எப்படி எஞ்சியிருக்கிறது என்று காட்டுவதே மெக்கெல்வியின் நோக்கம். ஆனால் பணியைத் தொடங்கும் தறுவாயில் அவருடைய காதலி அவரை விட்டுப் பிரிந்து, தம் பழைய நண்பரிடமே திரும்பிச் சென்றுவிட்டார்.

படத்தின் முதற்காட்சி ஒரு வரைபடம். லீக்காக்கின் கம்பீரமான குரல் படையெடுப்பின் வரலாற்றைக் கூறுகிறது. அடுத்த காட்சியில், பொருள்கள் ஏதுமில்லாத ஒரு நியூயார்க் அறையில் மெக்கெல்வி தன்னந்தனியாக நடந்துகொண்டிருக்கிறார். அந்தக் கணமே வரலாறு பின்னுக்குப் போய்விடுகிறது. உள்ளம் முன்னுக்கு வந்துவிடுகிறது. மனம் உடைந்த பிள்ளை பிறந்த ஊருக்குத் திரும்புகிறான். வீட்டாருக்கோ ஒரே கவலை: இவனுக்கு ஒரு நல்ல பெண் அமைய வேண்டுமே! இந்தக் கவலை கரோலைனாவுக்கும் கல்லிடைக்குறிச்சிக்கும் பொதுவானது அன்றோ?

பின்னர் ஷெர்மனின் தடத்தில் பயணம் நடக்கிறது. ஆனால் ஒவ்வோர் ஊரிலும் காமிரா திரும்புவது ஒரு பெண்ணின் பக்கம். நடிகையாகும் கனவோடு வாழ்பவர் ஒருவர். அணுகுண்டுக்கு அஞ்சி நிலவறை அமைப்பவர்களோடு பழகுபவர் ஒருவர். கடலோரத் தீவொன்றில் தங்கி மொழியியல் ஆய்வு செய்பவர் ஒருவர். மேடைகளில் பாடித் திரிபவர் ஒருவர். தம் சமய நெறியைச் சேர்ந்த கணவரையே நாடுபவர் ஒருவர். முன்பே அறிமுகமான வழக்கறிஞர் ஒருவர். எவரோடும் அவருக்கு வாழ்வு அமையவில்லை. படத்தில் இப்பெண்களுக்குப் பெயர்கள் உண்டு. இக்கட்டுரையில் அவற்றைக் கூறாமல் விட்டிருக்கிறோம். காரணம் போகப்போக விளங்கும்.

'ஷெர்மனின் படையெடுப்பு' என்ற அந்தப் படம் 1986இல் வெளிவந்தது. இரண்டரை மணி நேரத்திற்கும் மேல் ஓடுவது. அணு ஆயுதங்கள் பெருகிவரும் காலத்தில் தென்மாநிலங்களில் காதல் கைகூடுமா என்னும் சிந்தனை என்று பொருள்படும் நீண்ட துணைத்தலைப்பும் அதற்கு உண்டு. 1987ஆம் ஆண்டு சண்டேன்ஸ் திரைப்பட விழாவில் ஆவணப்படத்திற்கான நடுவர் குழுவின் முதற்பரிசை அது பெற்றது. 2000ஆம் ஆண்டில், காலமெல்லாம் காக்கப்பட வேண்டிய படங்களுக்கான அமெரிக்க நாட்டுப் பதிவேட்டிலும் இடம் பெற்றது. தோல்வியின் கதை அவருக்கு வெற்றியைத் தேடித் தந்தது எனலாம்.

காமிரா என்னும் கேடயம்

இப்படத்தைக் கண்டவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். ஏனெனில் மெக்கெல்வி நகைப்புக்கு உள்ளாக்கியது பெரும்பாலும் தம்மையே. போர்க்காலத்து உடை தரித்து ஒரு வேடிக்கை விருந்துக்குப் போய்வந்து, நள்ளிரவில், உறங்கும் தந்தையின் காதில் விழாதபடி, காமிராவோடு தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருக்கும் முப்பது வயது கடந்த மனிதரைக் கண்டு எவர்தான் சிரிக்காதிருப்பார்?

ஆயினும் சிரிப்பின் அடியில் ஒரு கசப்பான உண்மை உறைகிறது. அவர் பெண்களைக் கண்ணால் காணவில்லை. காமிராவின் வழியாகவே காண்கிறார். எதிரே ஒரு பெண் தன் நம்பிக்கையையும் அச்சத்தையும் மனம் திறந்து கூறும் வேளையில், அவர் முகத்தை மறைத்து நிற்கிறது அந்தக் கருவி. கேட்பவரின் முகம் தெரியாத இடத்தில் உரையாடல் எப்படி வளரும்? அவருடைய நெடுநாள் தோழியும் முன்னாள் ஆசிரியையுமான சார்லீன் சுவான்சி, அவருக்கு ஒரு பெண்ணை அறிமுகம் செய்துவைக்கும் இடத்தில் பொறுமை இழந்து அதட்டுகிறார்: காமிராவை நிறுத்து; இது கலை அல்ல, வாழ்க்கை என்ற கருத்துப்பட அவர் பேசும் காட்சி, படத்தின் மையம் என்றே கொள்ளத்தக்கது. வாழ்வதற்காகப் படம் பிடிக்கிறோமா, படம் பிடிப்பதற்காகவே வாழ்கிறோமா என்ற ஐயம் மெக்கெல்வியின் வாயிலாகவே வெளிப்படுகிறது.

இங்கேதான் நாம் சற்று நின்று எண்ண வேண்டும். தம் தோல்வியைச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. தம்முடைய கூச்சம், தடுமாற்றம், பிடிவாதம் ஆகியவற்றை அவர் ஒளிக்காமல் காட்டியது பாராட்டுக்குரியது. ஆனால் அவரை மறுத்த பெண்கள்? அவர்களும் அதே திரையில் நிற்கிறார்கள். எதைக் காட்டுவது, எதை வெட்டுவது, எந்தச் சொல்லுக்குப் பின் எந்தக் காட்சியை வைப்பது என்ற அதிகாரம் முழுவதும் ஒருவர் கையில். சில காட்சிகளில், காதலை நாடும் கண் வேடிக்கை பார்க்கும் கண்ணாக மாறிவிட்டதோ என்று மனம் கூசுகிறது. இருவர் சேர்ந்து வாழ்ந்த கதையை ஒருவர் மட்டுமே சொல்லும்போது நேரும் இடர் இது.

ஆண்டுகள் கழிந்த பின்

மெக்கெல்வி அத்துடன் காமிராவைக் கீழே வைத்துவிடவில்லை. 1993இல் வெளிவந்த அவருடைய அடுத்த பெரும்படம், அவர் மணம் செய்துகொண்டதையும், கருவிலேயே ஒரு குழந்தையை இழந்ததையும், தந்தையின் திடீர் மரணத்தையும், பின் ஒரு மகன் பிறந்ததையும் கூறியது. 2011ஆம் ஆண்டுப் படத்தில், வளர்ந்து தம்மிடமிருந்து விலகிப்போன அந்த மகனைப் புரிந்துகொள்ளும் பொருட்டு, தாம் இளைஞராக வாழ்ந்த பிரான்சு நாட்டின் பிரித்தானிக் கடற்கரை ஊருக்குச் சென்றார். அங்கே தம் பழைய காதலி ஒருவரையும் தேடிக் கண்டார். பழைய புகைப்படத்தில் அவர் கண்டிருந்த கதை ஒன்று. அப்பெண்மணியின் நினைவில் இருந்த கதை வேறு. ஒரே காதல், இரண்டு நினைவுகள்! கதையின் மறுபாதி மற்றவரிடம் உள்ளது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

2016ஆம் ஆண்டில் அந்த மகனையே அவர் பறிகொடுத்தார். தொட்டிலிலிருந்து இளமை வரை மகனை எடுத்த படச்சுருள்கள் மட்டும் எஞ்சின. அவற்றைக் கொண்டு அவர் உருவாக்கிய படம் 2025ஆம் ஆண்டு வெனிஸ் திரைப்பட விழாவில் காட்டப்பட்டது. அதில் அவருடைய மணவாழ்வின் முறிவும் பேசப்படுகிறது. இளமையில் கேடயமாய் நின்ற காமிரா, முதுமையில் கல்லறைக்கு அருகே ஏற்றிய விளக்காயிற்று. ஆகவே பதிவு செய்வதே தவறு என்று நாம் ஒரே சொல்லில் தீர்ப்புக் கூறிவிட இயலாது. எதற்காக, யாரைப் பணயம் வைத்து என்பதே வினா.

தமிழ்த் திரையில் ஒரு பயணம்

கரோலைனாவில் உண்மை வாழ்வாக நடந்ததைத் தமிழகம் கற்பனைக் கதையாகக் கண்டது. 2004ஆம் ஆண்டு வெளியான 'ஆட்டோகிராப்' திரைப்படத்தை நம் வாசகர்களுள் பலர் பார்த்திருப்பர். எழுதி, தயாரித்து, இயக்கிய சேரனே அதில் நாயகன் செந்திலாகவும் நடித்தார். தன் திருமண அழைப்பிதழைக் கொடுப்பதற்காகப் பழைய ஊர்களுக்குப் பயணம் புறப்படும் செந்தில், பள்ளிப் பருவத்தில் தான் நேசித்த பெண்ணையும், கல்லூரிக் காலத்தில் கேரளத்தில் நேசித்த பெண்ணையும், வாழ்வில் நொந்திருந்த வேளையில் கைகொடுத்து நிறுத்திய தோழியையும் நினைவு கூர்கிறான். வாழ்வின் ஒவ்வொரு பருவத்திற்கும் தனித்தனி ஒளிப்பதிவாளரைக் கொண்டு எடுத்தது அப்படத்தின் சிறப்பு. சிறந்த பொழுதுபோக்குப் படத்திற்கான தேசிய விருதும் அதற்குக் கிடைத்தது.

அப்படத்தைப் பார்த்து முன்பின் தெரியாதவர்களும் தத்தம் பழைய நாட்களை எண்ணிக் கண் கலங்கினர். ஆயினும் எவருடைய மகளும், எவருடைய மனைவியும் அதனால் தலைகுனிய நேரவில்லை. பாத்திரங்களின் பெயர்கள் கற்பனைப் பெயர்கள். முகங்கள் நடிகையரின் முகங்கள். உணர்ச்சி மட்டும் உண்மை. உள்ளத்தின் உண்மையைக் கூற ஊரறிந்த அடையாளம் தேவையில்லை என்பதற்கு இப்படம் ஒரு சான்று.

அண்மைக் காலத்தில் இன்னொரு சான்றும் கிடைத்துள்ளது. பாயல் கபாடியா இயக்கி, 2021ஆம் ஆண்டு கான் விழாவில் சிறந்த ஆவணப்படத்திற்கான 'தங்கக் கண்' விருது பெற்ற படம், திரைப்படக் கல்லூரி மாணவி ஒருத்தி தன் காதலனுக்கு எழுதிய கடிதங்களின் வழியாக நகர்கிறது. சாதி வேற்றுமையால் அவன் குடும்பத்தார் அவளை ஏற்கவில்லை. மாணவர் போராட்டங்களின் உண்மைக் காட்சிகளோடு கற்பனைக் கடிதங்களை இழைத்த படம் அது. அந்த மாணவிக்குப் படத்தில் பெயரே கிடையாது. 'எல்' என்னும் ஓர் எழுத்து மட்டுமே. அந்த ஓர் எழுத்துக்குள் நாட்டின் எத்தனை பெண்கள் தங்களைக் கண்டிருப்பார்கள்!

பொதிகை அடிவாரத்து இலக்கணம்

பெயர் கூறாமல் காதலைப் பாடும் இம்முறை தமிழனுக்குப் புதியதா? இல்லை. தொல்காப்பியப் பொருளதிகாரத்து அகத்திணையியல் இதனை விதியாகவே வகுத்துள்ளது. அன்பின் ஐந்திணையைப் பாடும்போது, இன்னார் என்று சுட்டி ஒருவர் பெயரையும் கூறுதல் ஆகாது. போரையும் கொடையையும் பாடும் புறத்திணையில் மன்னன் பெயர், ஊர், குலம் அனைத்தும் வரலாம். அகத்திணையிலோ தலைவன், தலைவி, தோழி, செவிலி என்னும் பொதுப்பெயர்களே. குறுந்தொகையின் பாடல் ஒன்றில் பாடியவர் பெயரும் மறைந்து, செம்மண்ணில் பெய்த மழைநீர் என்ற உவமையே புலவருக்குப் பெயராகிவிட்டது: செம்புலப் பெயனீரார்!

இவ்விதி எத்துணைக் கண்டிப்பானது என்பதற்கு நெடுநல்வாடையே சான்று. நக்கீரர் பாடிய அந்நூல் பிரிவால் வாடும் அரசியையும் பாசறையில் உறங்காத அரசனையும் பாடுகிறது. அகப்பாட்டாகவே அமைந்திருக்கலாம். அரசன் பெயரும் அதில் இல்லை. ஆனால் வேப்பந்தழை கட்டிய வேல் ஒன்று இடையில் வருகிறது. வேம்பு பாண்டியனின் அடையாளப் பூ. அந்த ஒரு குறிப்பால் தலைவன் இன்னான் என்பது புலனாகிவிட்டது. ஆகவே இது புறப்பாட்டே என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் முடிவு கட்டினார். ஒரு வேப்பந்தழை போதும், ஒருவரைக் காட்டிக்கொடுக்க!

இந்த நெறியை நினைக்க விக்கிரமசிங்கபுரத்தைவிடத் தகுந்த ஊர் எது? தொல்காப்பியரின் ஆசான் என்று மரபு போற்றும் அகத்தியர் உறைந்த பொதிகையின் அடிவாரம் இது. தொல்காப்பியத்தின் பாயிரத்திற்கும் முதற்சூத்திரத்திற்கும் புகழ்பெற்ற விருத்தியுரை கண்டு 1785ஆம் ஆண்டு மறைந்த சிவஞான முனிவர் பிறந்த மண்ணும் இதுவே.

அதே தமிழ் மரபு, தோற்ற காதலன் பொங்கி எழும் நிலையையும் அறிந்திருந்தது. மடலேறுதல் என்பது அதன் பெயர். காதல் கைகூடாத தலைவன் பனைமட்டையால் குதிரை செய்து, எருக்கமாலை சூடி, தலைவியின் உருவம் தீட்டிய துணியை ஏந்தித் தெருவில் வருவான். இன்னாளால் எனக்கு இந்நிலை என்று ஊரறியச் சொல்லுவான். ஊர் கூடும், பெண்ணின் வீட்டார் நாணுவர். பெரும்பாலான பாடல்களில் இது 'மடலேறுவேன்' என்று தோழியிடம் கூறும் அச்சுறுத்தலாகவே நின்றுவிடுகிறது. கலித்தொகையின் சில பாடல்களிலோ அவன் மெய்யாகவே ஏறி வருகிறான். ஒன்றைக் கவனியுங்கள். பனங்கருக்கு இருபுறமும் அறுக்கும் வாள் போன்றது என்பதை நெல்லைச் சீமையாருக்கு எடுத்துச் சொல்லவும் வேண்டுமோ? மடலேறுகிறவன் பெண்ணின் பெயரைக் கிழிக்குமுன் தன் உடலையே கிழித்துக்கொள்கிறான்.

பெயர் கூறாத புனிதர்

தம் காதல் வாழ்வின் தோல்வியை உலகறியச் சொன்னவர்களுள் முதன்மையானவர் புனித அகுஸ்தினார். ஏறத்தாழ கி.பி. 400ஆம் ஆண்டையொட்டி, ஆயராக இருந்த நிலையில், தம் இளமையின் ஒழுக்கக் கேடுகளை 'அறிக்கைகள்' என்னும் நூலில் அவர் ஒளிவுமறைவின்றி எழுதினார். ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள் ஒரு பெண்ணோடு மணமின்றி வாழ்ந்தார். அவர்களுக்கு ஒரு மகனும் பிறந்தான். பின்பு, தகுதியான குடும்பத்தில் அவருக்கு மணம் பேசப்பட்டபோது, அப்பெண் மிலான் நகரிலிருந்து ஆப்பிரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். இனி எந்த ஆடவனையும் நாடேன் என்று உறுதி பூண்டு, மகனைத் தந்தையிடமே விட்டுவிட்டு அவர் சென்றார்.

இப்பகுதியை எழுதும்போது அகுஸ்தினார் செய்ததை ஊன்றி நோக்க வேண்டும். தம் நெஞ்சம் கிழிபட்டதைக் கூறுகிறார். அப்பெண் காட்டிய உறுதியைத் தம்மால் காட்ட இயலாமல், மணநாள் வருவதற்குள் இன்னொரு பெண்ணை நாடிய தம் இழிவையும் கூறுகிறார். மகன் அதேயோதாத்துசின் பெயரைக் கூறுகிறார். தாயின் பெயரை மட்டும் கூறவில்லை. ஆயிரத்து அறுநூறு ஆண்டுகள் கடந்தும் அப்பெண்மணியின் பெயரை உலகம் அறியாது. பெண்ணைப் பொருட்படுத்தாத அக்காலத்து வழக்கம் அது என்று குறை கூறுவோரும் உளர். அவர்கள் கூற்றிலும் நியாயம் உண்டு. ஆனால் தம் பங்கை முழுமையாகவும் அப்பெண்ணின் பங்கை உயர்வாகவும் எழுதி, ஊரார் விரல் நீட்டிக் காட்ட வழியின்றி அவரை விட்டுவைத்தது ஒரு காப்பாகவும் அமைந்தது என்பதை மறுக்க இயலாது.

திருச்சபையின் ஒப்புரவு அருட்சாதனத்திலும் இதே நெறி ஒளிர்கிறது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 979ஆம் பிரிவு, பாவத்தில் உடன்பட்ட மற்றவரின் பெயரைக் குரு கேட்கலாகாது என்று தெளிவாகக் கூறுகிறது. என் பிழையை நான் கூறலாம், கூறவும் வேண்டும்; ஆனால் அடுத்தவர் பெயர் அதற்குத் தேவையில்லை. தொல்காப்பியரின் அகத்திணை நெறியும் ஒப்புரவுத் தொட்டியின் நெறியும் இவ்விடத்தில் கைகோத்து நிற்பது வியப்பை அளிக்கிறது.

கைப்பேசியில் ஏறும் மடல்

இனி நம் ஊருக்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், பாபநாசத்து அருவியின் ஆற்றலை நம்பி ஆர்வி நிறுவனத்தார் பஞ்சாலை அமைத்தது முதல், விக்கிரமசிங்கபுரம் ஆலைத் தொழிலாளரின் ஊராக வளர்ந்தது. ஒரே ஆலை, அடுத்தடுத்த வீடுகள், ஒரே ஆற்றுத்துறை. யார் வீட்டுப் பிள்ளை எந்தப் பேருந்தில் எந்தக் கல்லூரிக்குப் போகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். இத்தகைய ஊரில் ஓர் இளைஞன் தன் காதல் முறிந்த துயரத்தை இரண்டு நிமிடப் படமாக்கி வெளியிடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். பெண்ணின் பெயரை அவன் கூறவில்லை. ஆனால் பாபநாசம் படித்துறையில் எடுத்த ஒரு புகைப்படம், முகம் மறைத்த ஒரு தாவணியின் நிறம், தெருமுனையில் ஒரு பெயர்ப்பலகை ஆகியவை அதில் உண்டு. நெடுநல்வாடையின் வேப்பந்தழை அல்லவா இது? மாலைக்குள் ஊர் முழுதும் அறிந்துவிடும்.

மெக்கெல்வியின் படத்தில் வந்த பெண்களுக்குக் காமிரா தங்கள் முன் நிற்பது தெரியும். நம் ஊர்ப் பெண்ணுக்கோ, தன் படம் வெளியானதே மற்றவர் சொல்லித்தான் தெரிய வரும். அவள் படிப்பு நிறுத்தப்படலாம்; பேசி முடித்த மணம் முறியலாம்; அடியும் உதையும் கிடைக்கலாம். சாதியின் பெயரால் இளம் உயிர்கள் பறிக்கப்பட்ட செய்திகள் இத்தாமிரபரணிக் கரைக்குப் புதியவை அல்ல. அங்கே ஒரு விளையாட்டுப் படம், ஒருத்தியின் உயிருக்கே உலை வைக்கலாம். தனிமனிதரின் அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று 2017ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்துள்ளது. சட்டம் பிறகு வந்து துணை நிற்கும். ஆனால் நேர்ந்துவிட்ட இழப்பை அது திருப்பித் தராது.

பழைய மடலேற்றத்தில் ஆடவனின் உடலும் கிழிந்தது. அவன் தெருவில் நின்றான். பெரியோர் அவன் முகத்தைப் பார்த்துப் பேசிச் சமாதானம் செய்ய வழியிருந்தது. இன்றைய மடல் ஏறுகிறவனை அறுப்பதில்லை. அது அவளை மட்டுமே அறுக்கிறது. அன்றைய மடல் அந்தி சாய்ந்தால் வீடு திரும்பும். இன்றைய மடல் திரும்புவதே இல்லை.

அப்படியானால், காதலில் தோற்ற பிள்ளை வாய் திறக்கவே கூடாதா? அப்படியன்று. துயரத்தை நெஞ்சுக்குள் பூட்டி வைத்து, முடிவில் தன்னையே மாய்த்துக்கொள்ளத் துணியும் பிள்ளைகளை நாம் அறிவோம். சொல்லத்தான் வேண்டும். முதலில், முகம் பார்த்துக் கேட்கும் ஒருவரிடம் சொல்ல வேண்டும். அது தாயாக இருக்கலாம், அண்ணனாக இருக்கலாம், ஆசிரியராக இருக்கலாம், பங்குத் தந்தையாகவும் இருக்கலாம். ஆனால் அப்படிச் சொல்ல வரும் பிள்ளையை, 'இதற்காகவா உன்னைப் படிக்க வைத்தோம்?' என்று முதற்சொல்லிலேயே அடித்துத் துரத்தினால், அவன் முகமற்ற ஆயிரம் பேரிடம் சொல்லப் போவதில் வியப்பென்ன? பெற்றோரே, கைப்பேசி கேட்கும் பொறுமையோடு நீங்களும் கேளுங்கள்.

பின்னர் அதைக் கதையாகவோ பாட்டாகவோ படமாகவோ ஆக்கும் ஆற்றல் ஒருவனுக்கு இருந்தால், தாராளமாக ஆக்கட்டும். தமிழின் தலைசிறந்த பாடல்கள் பிரிவில் பிறந்தவை அல்லவா? ஆனால் வெளியிடுமுன் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய வினாக்கள் நான்கு. இதில் என் பிழையை நான் சொல்லியிருக்கிறேனா, அல்லது அவள் பிழையை மட்டும் அடுக்கியிருக்கிறேனா? அவள் இதைப் பார்க்க நேர்ந்தால் நடந்தது இதுதான் என்று ஒப்புக்கொள்வாளா? ஊரார் அவளைக் கண்டுகொள்ளும் வேப்பந்தழை ஏதேனும் இதில் ஒட்டியிருக்கிறதா? பத்து ஆண்டுகள் கழித்து, அவளுக்கும் எனக்கும் குழந்தைகள் உள்ள காலத்தில், இது திரும்பி வந்தால் நான் நாணுவேனா? இந்த நான்கையும் கடந்து வரும் படைப்பு கலையாகும். கடவாதது வெறும் பழிதீர்ப்பாகும். பெண்பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். தன்னை மறுத்த ஆடவனை ஏளனம் செய்து படம் வெளியிடும் பெண்ணும் அதே கருக்கைத்தான் கையில் ஏந்துகிறாள்.

முறிந்த காதலில் நம்முடையது ஒரு பாதி மட்டுமே. அந்தப் பாதியை நேர்மையோடு சொல்ல ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. மறுபாதி நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அடைக்கலப் பொருள். நேசித்த காலத்தில் நம்மை நம்பித் தந்ததை, நேசம் அகன்ற பின்னும் காத்துத் தருவதே பண்பு. ஒருவரை உண்மையாக நேசித்தோமா என்பதற்கு, அவர் நம்மை விட்டுச் சென்றபின் அவர் பெயரை நாம் எப்படிக் காத்தோம் என்பதைவிடச் சிறந்த சான்று வேறில்லை.